இரு இணைப்புகளும் ஒரு மலைப்பாதையும்

கோட்டயத்திலிருந்து குமுளி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை முண்டக்கயத்தைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. குட்டிக்கானம், பீருமேடு வழியாக வண்டிப்பெரியாரை அடைந்து, பெரியாற்றைக் கடந்து, குமுளியில் மாநில எல்லையைத் தொட்டு, பின்னர்க் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூருக்கு அரிசி வருவதும், தேயிலை வெளியே செல்வதும், நோயாளி பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுவதும் பெரும்பாலும் இந்த ஒரே பாதை வழியாகத்தான். மின்கம்பங்களும் தொலைபேசிக் கம்பிகளும் பெரிதும் இப்பாதையை ஒட்டியே வந்துள்ளன. மலைநாட்டில் பாதை எங்கே உள்ளதோ அங்கேதான் மற்ற வசதிகளும் வந்து சேரும் என்பது பழைய அனுபவம்.

இடுக்கி மாவட்டத்திற்கு இணைய வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. நாட்டின் ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளை ஒளியிழைக் கம்பியால் இணைக்கும் தேசிய ஒளியிழை வலையமைப்புத் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தின் கீழ் முழுமையாக இணைக்கப்பட்ட முதல் மாவட்டமாக 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது இடுக்கிதான். சமவெளி மாவட்டங்கள் பல காத்திருக்க, மலையும் காடும் நிறைந்த ஒரு மாவட்டம் முந்திக்கொண்டது வியப்புக்குரியதே. அழுதா ஒன்றியத்தைச் சேர்ந்த வண்டிப்பெரியார் ஊராட்சியும் இம்மாவட்டத்தினுள் அடங்கும். அதே ஆண்டில் இத்திட்டம் பாரத்நெட் என்னும் பெயரைப் பெற்றது.

இணைப்பு வந்தபின் அரசுப் பணிகள் ஒவ்வொன்றாக அதன்மீது ஏற்றப்பட்டன. நியாயவிலைக் கடையில் குடும்பத் தலைவியின் விரல்ரேகை சரிபார்க்கப்பட்ட பின்னரே அரிசி அளக்கப்படும் நிலை உருவாயிற்று. ஓய்வூதியம் பெறுவோர் உயிருடன் இருப்பதை மின்னணு முறையில் சான்றளிக்கும் ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. தோட்டங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற தொழிலாளரும் அதன் பயனாளிகளே. ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் வருகையைக் கைப்பேசிச் செயலி வழியாகப் படத்துடன் பதிவு செய்யும் முறை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. கேரளத்தில் 2002 நவம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் தோன்றிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய அட்சயா மையங்களில் வருமானச் சான்று முதல் கல்வி உதவித்தொகை வரை அனைத்தும் இணைய வழியிலேயே விண்ணப்பிக்கப்படுகின்றன.

ஆகவே இணைப்பு அறுந்த நாளில் அலுவலகத்திற்கு ஏற்படும் இழப்பு சிறியது. மேசைக்கு மறுபுறம் நிற்பவருக்கு ஏற்படும் இழப்பே பெரியது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு, ஜீப்புக்குப் பணம் கொடுத்து வந்த தொழிலாளியிடம் 'நெட் இல்லை, நாளை வாருங்கள்' என்று சொல்லும்போது, ஓர் அரசுப் பணியின் உண்மையான விலை அவர்மீது இரண்டாம் முறையும் சுமத்தப்படுகிறது. இந்தச் செலவு எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை.

இதற்கு மாற்றாக இப்போது பல அலுவலகங்கள் இரண்டாவது இணைப்பு ஒன்றை வாங்கி, இரண்டையும் ஒரே ரூட்டரில் பொருத்துகின்றன. செலவு மிகுதியன்று. ஆனால் இரண்டு இணைப்புகளை வாங்குவது வேறு; இரண்டு வழிகளைப் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முதலில் ரூட்டர் என்னும் சிறு கருவி என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும்.

ரூட்டரின் பணி

இணையத்தில் செல்லும் செய்தி முழுமையாக ஒரே பொருளாகச் செல்வதில்லை. அது சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எண்களாகப் பொறிக்கப்படுகின்றன. இன்றும் பரவலாக வழங்கும் முகவரி முறையில் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே உள்ளன. உலக மக்கள்தொகைக்கே அது போதாது. இப்பற்றாக்குறையின் காரணமாக, அலுவலகத்தின் உள்ளே மட்டும் வழங்கும் தனி முகவரிகளுக்கென்று சில எண்தொகுதிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் எண்கள் அவற்றுள் ஒன்று. இவ்வெண்கள் வெளியுலகில் செல்லுபடியாகா.

அலுவலகத்தில் பத்துக் கணினிகள் இருப்பின், அவை பத்தும் உள்முகவரிகளைத் தாங்கி நிற்கின்றன. வெளியே செல்லும் ஒவ்வொரு பொட்டலத்தின் அனுப்புநர் முகவரியையும் ரூட்டர் அழித்து, இணைய நிறுவனம் தனக்கு வழங்கிய வெளிமுகவரியை எழுதி அனுப்புகிறது. எந்தக் கணினியின் எந்த உரையாடல் எந்த எண்ணில் வெளியே சென்றது என்பதைத் தன் நினைவில் ஓர் அட்டவணையாகக் குறித்துக்கொள்கிறது. விடை வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்குச் சேர்ப்பிக்கிறது. தபால் வரவு செலவுப் பதிவேடு வைத்திருக்கும் எழுத்தரின் பணிக்கு இதனை ஒப்பிடலாம்.

இப்போது இரண்டு இணைப்புகள் வந்தால் என்ன ஆகும்? ரூட்டருக்கு இரண்டு வெளிமுகவரிகள் கிடைக்கின்றன. ஓர் உரையாடல் முதல் இணைப்பின் முகவரியில் தொடங்கிவிட்டால், அது முடியும் வரை அதே முகவரியில்தான் நடந்தாக வேண்டும். நடுவில் சில பொட்டலங்களை இரண்டாவது இணைப்பு வழியாக அனுப்பினால், மறுமுனையில் உள்ள கணினிக்கு அவை யாரோ புதியவரிடமிருந்து வந்தவையாகத் தோன்றும். அவற்றை ஏற்க மறுத்துவிடும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

மக்களிடையே, ஏன் அலுவலர்களிடையேகூட, பரவலாக உள்ள தவறான எண்ணம் ஒன்றை இங்கே களைதல் வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு ஒன்றும் 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு ஒன்றும் சேர்ந்தால் 120 மெகாபிட் வேகத்தில் ஒரு கோப்பு இறங்கும் என்று எதிர்பார்க்கின்றனர். அவ்வாறு நிகழாது. இரண்டு காளைகளை ஒரே வண்டியில் பூட்டுவது போன்றதன்று இது. இரண்டு வண்டிகளை ஒரே சந்தைக்கு அனுப்புவது போன்றது. ஒரு மூட்டை ஏதாவதொரு வண்டியில்தான் ஏற முடியும். மூட்டைகள் பலவாக இருக்கும்போதுதான் இரண்டு வண்டிகளாலும் பயன். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பணியாற்றும் அலுவலகத்தில் நெரிசல் குறையும். ஒருவர் தனியே அமர்ந்து ஒரு கோப்பை இறக்கினால் வேகத்தில் எந்த மாற்றமும் இராது. இரு இணைப்புகளையும் உண்மையாகவே பிணைத்து ஒன்றாக்கும் முறைகளும் உள்ளன. ஆனால் அவற்றுக்கு மறுமுனையிலும் பொட்டலங்களை மீண்டும் ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு வேண்டும். சிற்றலுவலகத்திற்கு அது பொருந்தாது.

இரண்டு முறைகள்

இரண்டு இணைப்புகளைப் பயன்படுத்துவதில் இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது மாற்று முறை: ஓர் இணைப்பு பணியாற்றும், மற்றொன்று காத்திருக்கும், முதலாவது அறுந்தால் இரண்டாவது பொறுப்பேற்கும். இரண்டாவது பகிர்வு முறை: இரண்டும் எப்போதும் பணியாற்றும், புதிதாகத் தொடங்கும் உரையாடல்களை ரூட்டர் ஒரு விகிதத்தில் பங்கிட்டு அனுப்பும். மேலே கூறிய 100, 20 மெகாபிட் இணைப்புகளுக்கு 5-க்கு 1 என்ற விகிதம் பொருத்தமானது. சம விகிதம் வைத்துவிட்டால் உரையாடல்களில் பாதி மெதுவான இணைப்பில் போய் நெரியும். இரண்டாவது இணைப்பு வந்தபின் இணையம் முன்னைவிட மோசமாகிவிட்டது என்று ஊழியர்கள் குறை கூறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

பகிர்வு முறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வங்கி இணையதளங்களும் கருவூலத் தளங்களும் உள்நுழைந்தவரின் முகவரியைக் கவனித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் முதல் இணைப்பிலும் அடுத்த பக்கம் இரண்டாவது இணைப்பிலும் திறந்தால், முகவரி மாறியதைக் கண்டு ஐயுற்று, பயனாளரை வெளியேற்றிவிடும். இதைத் தவிர்க்க, ஒரு கணினியின் போக்குவரத்து குறிப்பிட்ட நேரம் வரை ஒரே இணைப்பில் ஒட்டிநிற்குமாறு ரூட்டரில் விதி அமைக்கலாம்; அல்லது பணப் பட்டுவாடா செய்யும் கணினியை முதல் இணைப்புக்கென்றே ஒதுக்கிவிடலாம்.

பத்துப் பேருக்கு மேற்படாத அலுவலகத்திற்கு மாற்று முறையே சிறந்தது என்பது என் கருத்து. குறிப்பாக, இரண்டாவது இணைப்பு கைப்பேசி சிம் கார்டாக இருந்து, நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளவு வரையறுக்கப்பட்டிருந்தால், பகிர்வு முறை அந்த அளவைக் காலையிலேயே தீர்த்துவிடும். பிற்பகலில் மரம் விழும்போது காத்திருக்க வேண்டிய சிம் கார்டு களைத்துப் போயிருக்கும்.

பொருத்தும் விதம்

வெளியிணைப்புக்கென இரண்டு துளைகள் கொண்ட ரூட்டர்கள் இப்போது சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. சிலவற்றில் இரண்டாவது துளைக்குப் பதிலாக சிம் கார்டு செருகும் இடமோ, டாங்கில் பொருத்தும் யு.எஸ்.பி. துளையோ இருக்கும். முதல் துளையில் ஒளியிழை மோடத்தின் கம்பியையும் இரண்டாவதில் மற்றைய மோடத்தின் கம்பியையும் செருகினால் பணி முடிந்துவிட்டதென்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது.

முதற்கண் கவனிக்க வேண்டியது எண்களின் மோதல். நிறுவனங்கள் வழங்கும் மோடங்கள் பலவும் 192.168.1.1 என்ற அதே உள்முகவரியுடன் வருகின்றன. இரண்டு மோடங்களும் அதே எண்ணைத் தாங்கியிருந்தால், எந்தப் பக்கம் போவதென்று ரூட்டருக்கு விளங்காது. ஒன்றை 192.168.2.1 என்று மாற்றிவிட வேண்டும். ரூட்டரின் உட்பக்கத்திற்கு இவை இரண்டிலும் சேராத மூன்றாவது தொகுதியை, எடுத்துக்காட்டாக 192.168.10 என்று தொடங்கும் எண்களை, அமைத்தல் நலம். கணினிகள் யாவும் ரூட்டருடன் மட்டுமே இணைக்கப்பட வேண்டும். பழைய மோடத்தின் வைஃபையை யாரேனும் அணைக்காமல் விட்டிருந்தால், சில கைப்பேசிகள் பழைய வழக்கப்படி அதையே பற்றிக்கொண்டிருக்கும்; இணைப்பு அறும்போது அவை மட்டும் தவிக்கும்.

அடுத்து, அறுந்ததை அறியும் ஏற்பாடு. இதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கின்றனர். ரூட்டர் தன் துளையில் கம்பி செருகப்பட்டுள்ளதா என்பதை மட்டும் பார்க்குமானால், அதனால் பயனில்லை. ஒளியிழை குட்டிக்கானத்திற்கு அருகே அறுந்திருக்கும். மேசைமேல் உள்ள மோடமோ மின்சாரம் பெற்று உயிருடன் இருக்கும். ரூட்டருக்கும் மோடத்திற்கும் இடையிலுள்ள ஒரு முழக் கம்பி நலமாகவே இருக்கும். ஆகவே இணைப்பு சரியாக உள்ளதென்று ரூட்டர் தவறாக முடிவு செய்யும். இதற்கு மாறாக, இணையத்தில் தொலைவிலுள்ள ஒரு முகவரிக்குக் குறித்த இடைவெளியில் ஒரு சிறு பொட்டலம் அனுப்பி, விடை வருகிறதா என்று சோதிக்குமாறு அமைக்க வேண்டும். அத்தகைய இலக்குகள் இரண்டாவது இருத்தல் நன்று. ஓர் இலக்கு தன் சொந்தக் காரணத்தால் மௌனமானால் நம் இணைப்பைக் குறைகூறக் கூடாதன்றோ? ஐந்து நொடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து மூன்று முறை விடை வராவிடில் மாற்றம் என்று வைத்தால், ஏறத்தாழ கால் நிமிடத்தில் இரண்டாவது இணைப்பு பொறுப்பேற்கும். திரும்பி வருவதில் அவசரம் கூடாது. மழை நாட்களில் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ரூட்டர் மாறிமாறி ஓடினால் நடந்துகொண்டிருக்கும் உரையாடல்கள் அனைத்தும் அறுபடும். தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு முறை விடை வந்த பின்னரே முதல் இணைப்புக்குத் திரும்புமாறு அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பெயர்களை எண்களாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவை. ஒரு நிறுவனத்தின் டி.என்.எஸ். கணினி தன் வாடிக்கையாளர் அல்லாதார் கேட்டால் விடை தராமலிருக்கக்கூடும். முதல் நிறுவனத்தின் டி.என்.எஸ். முகவரி மட்டும் ரூட்டரில் பதிந்திருப்பின், இரண்டாவது இணைப்பு நன்றாக இருந்தும் எந்தத் தளமும் திறவாது. இரு வழியிலும் எட்டக்கூடிய பொது டி.என்.எஸ். முகவரியைக் குறித்துவிட்டால் இச்சிக்கல் தீரும். நான்காவதாக, சிம் கார்டு வழியே செல்லும்போது கணினிகள் தாமாகச் செய்யும் பெரிய மென்பொருள் புதுப்பிப்புகளைத் தடுத்து வைக்க வேண்டும். கைப்பேசி வலையமைப்பில் பல வாடிக்கையாளருக்கு ஒரே வெளிமுகவரி பகிர்ந்தளிக்கப்படுவதால், வெளியிலிருந்து அலுவலகக் கண்காணிப்புப் படக்கருவியைப் பார்ப்பது போன்ற வசதிகள் அந்நேரத்தில் இயங்காமல் போகலாம். அதை முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

மின்சாரத்தை இங்கே மறந்துவிடக் கூடாது. மழையில் முதலில் போவது மின்சாரமே. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிறு பேட்டரியில் 84 வாட்-மணி ஆற்றல் உள்ளது. மோடம், ரூட்டர், சிம் கருவி மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 22 வாட் இழுப்பதாகக் கொண்டால், கணக்குப்படி நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓட வேண்டும். பேட்டரியின் முதுமையையும் இடையில் ஏற்படும் இழப்பையும் கருதினால் இரண்டு மணி நேரத்தையே நம்பலாம். கணினிகளுக்கான பெரிய யு.பி.எஸ். கருவியில் இவற்றையும் செருகிவிடுவது வழக்கம். அதைவிட இம்மூன்றுக்கும் மட்டும் தனியாக ஒரு சிறு பேட்டரி வைப்பது மேல். அச்சிடும் கருவியின் பசிக்கு இணைப்பைப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

தனித்தன்மையின் பொருளாதாரம்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இரண்டாவது இணைப்பால் எவ்வளவு நன்மை? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் இணைப்பு நூற்றுக்கு ஐந்து பங்கு நேரம் அறுந்து கிடப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 438 மணி நேரம் இணையம் இராது. இரண்டாவது இணைப்பும் இதே தன்மையுடையது. ஆனால் ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்க. இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்திருக்கும் வாய்ப்பு ஐந்து விழுக்காட்டில் ஐந்து விழுக்காடு, அதாவது 0.25 விழுக்காடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 22 மணி நேரம். ஒரே ஒரு கூடுதல் இணைப்பு 438-ஐ 22 ஆக்கிவிட்டது. முதலீட்டுக்கு இவ்வளவு பலன் தரும் வேறு செலவினம் காண்பது அரிது.

ஆனால் 'எவ்விதத் தொடர்பும் இல்லை' என்ற நிபந்தனையைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பழுது நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டுக்கும் பொதுவான காரணத்தால், ஒரே மின்கம்பம் சாய்வதாலோ, ஒரே மண்சரிவாலோ நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆண்டுக்கு 1 விழுக்காடு, ஏறக்குறைய 88 மணி நேரம், இரண்டும் சேர்ந்தே அறுந்திருக்கும். எஞ்சிய தனித்தனிப் பழுதுகள் ஒரே நேரத்தில் நேர்வது ஏறத்தாழ 14 மணி நேரம். மொத்தம் 102 மணி. பழுதில் சிறு பகுதியே பொதுவானதாக இருந்தும், 22 மணி நேரம் 102 ஆகிவிட்டது! எஞ்சிய இழப்பில் பெரும்பகுதி அந்தப் பொதுக் காரணத்தால் விளைந்தது. மூன்றாவது, நான்காவது இணைப்புகளை வாங்கினாலும் அந்த 88 மணி நேரம் குறையாது. ஆகவே இரண்டாவது இணைப்பின் மதிப்பை அதன் வேகத்தாலோ விலையாலோ அளப்பது தவறு; முதலாவது எக்காரணத்தால் அறுமோ அக்காரணத்தால் இது அறாமலிருக்குமா என்பதே அளவுகோல்.

பொதுக் காரணங்கள் மலைநாட்டில் மறைந்து கிடக்கின்றன. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் இரண்டு பில்கள் வரலாம். இரண்டு கம்பிகளும் ஒரே மின்கம்பத்தில் தொங்கலாம். ஒரு நிறுவனம் மற்றொன்றின் கம்பியில் சில இழைகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கலாம். ஒளியிழைக்கு மாற்றாகச் சிம் கார்டு வாங்கினால் தனித்தன்மை கிட்டிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கைப்பேசிக் கோபுரமும் காற்றில் தொங்குவதன்று. அக்கோபுரத்திலிருந்து வெளியுலகிற்குச் செல்லும் வழி அதே சாலையோர ஒளியிழையாக இருந்தால், கம்பி அறுந்ததும் கோபுரமும் ஊமையாகும். பல நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்வதும் நம் நாட்டில் வழக்கமே. இணைப்பு வாங்கும் அலுவலர் விலைப்புள்ளி கேட்கும்போது இக்கேள்விகளையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

கேரள அரசின் கே-ஃபோன் வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. மாநில மின்வாரிய நிறுவனத்தின் கோபுரங்களையும் கம்பங்களையும் பயன்படுத்தி அதன் ஒளியிழைகள் இழுக்கப்பட்டுள்ளன. பாரத்நெட்டின் தொடக்கக் கட்ட இழைகள் பெரும்பாலும் நிலத்தடியில் பதிக்கப்பட்டவை. ஒன்று காற்றுக்கும் மரத்துக்கும் அஞ்ச வேண்டும். மற்றொன்று மண்சரிவுக்கும் சாலை அகலப்படுத்தும் பொக்லைனுக்கும் அஞ்ச வேண்டும். அஞ்சும் பொருள் வேறுவேறாக இருப்பதால், இவ்விரண்டும் கிடைக்கும் அலுவலகத்திற்கு இவை நல்ல இணையாக அமையலாம். இரண்டும் அரசின் ஏற்பாடுகளே என்பதால், 'ஏற்கெனவே ஒன்று இருக்க, மற்றொன்று எதற்கு' என்று தணிக்கையில் கேள்வி எழுவதுண்டு. மேற்கண்ட கணக்கே அதற்கு விடை.

மலை சரிந்த நாட்கள்

2018 ஆகஸ்ட் 15 அதிகாலையில் முல்லைப் பெரியாறு அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. திறந்துவிடப்படும் நீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியார், உப்புதறை வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. கரையோரக் குடும்பங்கள் முன்னரே இடம்பெயர்க்கப்பட வேண்டும். 2021 டிசம்பரிலும் இரவு நேரத்தில் நீர் திறக்கப்பட்டு வண்டிப்பெரியாரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று மலையடிவாரத்தில் கொக்கையாறு, கூட்டிக்கல் ஊர்களில் மண்சரிவு ஏற்பட்டுப் பலர் உயிரிழந்தனர். நீர்மட்ட எச்சரிக்கை, முகாம்களின் பட்டியல், மருத்துவ உதவிக் கோரிக்கை ஆகிய அனைத்தும் செல்ல வேண்டிய நேரம் அதுவே. இணைப்பு அறுவதற்கு மிகவும் வாய்ப்புள்ள நேரமும் அதுவே. ஆண்டு முழுவதற்குமான சராசரிக் கணக்கு இவ்வுண்மையைக் காட்டாது. 102 மணி நேரம் ஆண்டு முழுவதும் பரவிக் கிடந்தால் அது தொல்லை. ஆகஸ்ட் மாதத்தில் தொடர்ந்து நான்கு நாட்களாக வந்தால் அது வேறு.

இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அப்பால் ராஜமலைப் பகுதியிலுள்ள பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. எழுபது பேர் இறந்தனர். கண்டெடுக்கப்படாத நால்வரும் இக்கணக்கில் அடங்குவர். இறந்தவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடிபெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். தொடர் மழையால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால் இரவு நேர்ந்த பேரழிவின் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது. வழியில் பெரியவரையில் தற்காலிகப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்புப் பணியும் தாமதமாயிற்று. உடனே செய்தி எட்டியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று யாராலும் கூற இயலாது; அவ்வாறு கணக்கிட முயல்வதும் முறையன்று. ஆனால் சாலை, மின்சாரம், தொலைபேசி மூன்றும் ஒரே மழையால் ஒரே நேரத்தில் அறக்கூடியவை என்பதை அந்த இரவு காட்டிற்று. அத்தகைய இடங்களில் இரண்டாவது வழி என்பது மற்றொரு கம்பியாக இருப்பதில் பொருளில்லை. செயற்கைக்கோள் தொலைபேசியோ, காவல்துறையினரும் வானொலி ஆர்வலரும் பயன்படுத்தும் கம்பியில்லாக் கருவியோதான் உண்மையான இரண்டாவது வழி.

வலையமைப்பு முழுவதற்கும் இதே நியதி பொருந்தும். ஒரு முனைக்குப் பல வழிகள் இருந்தால் பெருஞ்சேதத்தின் பின்னும் செய்தி சென்றடையும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் பால் பாரன் 1964-இல் வெளியான தம் ஆய்வில் காட்டினார். தேவையான குறைந்த அளவைப்போல் மூன்று, நான்கு மடங்கு வழிகள் இருந்தாலே போதும் என்பது அவர் கண்ட முடிவு; இன்றைய இணையத்தின் அடிப்படைக் கருத்துகளுள் அதுவும் ஒன்று. ஆனால் உலகின் பல ஓரங்களில் அக்கருத்து இன்னும் எட்டவில்லை. பசிபிக் கடல் தீவுநாடான டோங்கா 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்தபோது தன் ஒரே பன்னாட்டுக் கடலடிக் கம்பியை இழந்து, அது சீராகும் வரை ஐந்து வாரங்கள் காத்திருந்தது.

பாரத்நெட்டின் முதற்கட்டத்தில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்கு ஒரே நேர்வழியில் இழை சென்றது. நடுவில் எங்கு அறுந்தாலும் அதற்கப்பால் உள்ள ஊராட்சிகள் இருளில் மூழ்கும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம், 1,39,579 கோடி ரூபாய் மதிப்பீட்டில், இந்நேர்வழிகளை வளையங்களாக மாற்றுவதை முக்கிய நோக்கமாகக் கொண்டது. வளையத்தில் ஓரிடத்தில் அறுந்தால் செய்தி மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். அலுவலக மேசைமேல் இரண்டு துளை ரூட்டர் செய்யும் அதே பணியை நாடளாவிய அளவில் வளையம் செய்கிறது. ஆயினும் மலைநாட்டில் வளையம் போடுவது எளிதன்று. போகும் இழையும் திரும்பும் இழையும் ஒரே சாலையின் இரு ஓரங்களில் பதிக்கப்பட்டால், வரைபடத்தில் அது வளையம். மண்சரிவுக்கு அது ஒரே கோடு. வண்டிப்பெரியாரைப் பொறுத்தவரை, ஒரு கை மேற்கே முண்டக்கயம் மலைப்பாதையிலும் மறுகை கிழக்கே குமுளி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிலும் இறங்கினால்தான் உண்மையான வளையம் கிட்டும். மாநில எல்லைகளைத் தாண்டிய ஒத்துழைப்பு அதற்குத் தேவைப்படும். தோட்டத் தொழிலாளர் தலைமுறைகளாகத் தாண்டிவரும் எல்லைதான் அது, இழைகளும் தாண்டலாம்.

இங்கு ஒரு வரம்பையும் கூறிவிட வேண்டும். நியாயவிலைக் கடை இயந்திரம் நிற்பதற்கு எப்போதும் உள்ளூர் இணைப்பே காரணமாவதில்லை. மாநிலத் தலைநகரிலோ பிறவிடத்திலோ உள்ள மையக் கணினி நின்றுபோனால், ஊரில் பத்து இணைப்புகள் இருந்தும் பயனில்லை. எது பழுது என்று பிரித்தறியாமல் இரண்டாவது இணைப்புக்குப் பணம் ஒதுக்குவது, காய்ச்சலின் காரணம் அறியாமல் மருந்து வாங்குவது போலாகும். இரண்டு மாதங்கள் பழுதுப் பதிவேடு ஒன்றை வைத்து, நேரம், காரணம், நீடித்த காலம் ஆகியவற்றைக் குறித்தால் போதும்; எங்கே செலவிட வேண்டும் என்பது தானே தெரியும்.

சோதிக்கப்படாத இரண்டாவது இணைப்பு

சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பகுதி அலுவலகம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். இரண்டு இணைப்புகள், இரண்டு துளை ரூட்டர், பேட்டரி எல்லாம் முறையாக இருந்தன. சொத்துப் பதிவேட்டிலும் ஏறியிருந்தன. முதல் இணைப்பின் கம்பியைச் சற்றுப் பிடுங்கிப் பாருங்கள் என்றேன். ஊழியர் தயங்கினார், பின்னர்ப் பிடுங்கினார். இணையம் நின்றது, மீண்டும் வரவேயில்லை. விசாரித்ததில், சிம் கார்டுக்குப் பணம் செலுத்தும் பொறுப்பு மாற்றலாகிப் போன ஒருவரிடம் இருந்தது. நான்கு மாதங்களாக யாரும் செலுத்தவில்லை. முதல் இணைப்பு அந்த நான்கு மாதங்களும் நல்லபடியாக ஓடியதால் எவருக்கும் தெரியவில்லை.

மாற்று முறையின் இயல்பான குறை இது. காத்திருக்கும் இணைப்பு இறந்துவிட்டால் அதன் சாவு யாருக்கும் தெரியாது. ரூட்டர்கள் சிலவற்றில் காத்திருக்கும் இணைப்பையும் இடையிடையே சோதித்து, பழுதெனில் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பும் வசதி உண்டு. இருந்தால் அதை இயக்கி வைக்கலாம். இல்லாவிடினும் கவலையில்லை. மாதத்தின் முதல் வேலைநாளில், மக்கள் வரத் தொடங்கும் முன், முதல் இணைப்பின் கம்பியைப் பிடுங்க வேண்டும். ஒரு நிமிடத்திற்குள் இணையதளம் ஒன்று திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்விசையை அணைத்துப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் எல்லாவற்றையும் பழையபடி செருகி, நாள், நேரம், சோதித்தவர் கையொப்பம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னான மே மாதச் சோதனையைப் பேட்டரி தானாக அணையும் வரை நீட்டித்து, எத்தனை மணி நேரம் தாங்கிற்று என்பதையும் அதே வரியில் குறித்துவைப்பது நலம்.